பாதிப் பெண்ணுக்குத் தோஷம்

ஸ்ரீரங்கத்தில் கொள்ளிடக் கரைக்குப் போகிற வழியில், மூடிப்போன ஓர் அரிசி ஆலைக்குள், திருச்சி மாவட்டத்துக் கல்யாணப் பெண்களின் எதிர்காலம் முளைத்துக்கொண்டிருந்தது. செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மட்டும். தரிசனம் காலை ஏழு மணிக்கு. டோக்கன் ஆறு மணிக்கே தீர்ந்துவிடும்.

ஆலைக்கு இப்போது அங்குர பீடம் என்று பெயர். முன்பு நெல்லைக் கொட்டி உமியை நீக்கினார்கள். இப்போது மனிதர்களைக் கொட்டுகிறார்கள். இயந்திரம் மட்டும்தான் மாறியிருக்கிறது.

பீடத்தின் அதிபதி அங்குரானந்தர். நாற்பது வயது, பச்சைப் பட்டு, மார்பு வரை தாடி. எங்கிருந்து வந்தார் என்று கேட்டால் இமயமலை என்பார்கள். இமயமலையில் எந்தப் பக்கம் என்று கேட்டவர் யாரும் டோக்கன் வாங்கியதாகத் தகவல் இல்லை.

அவருடைய சித்தாந்தம் எளிமையானது. ஜாதகம் மனிதன் எழுதுவது, அதில் பொய் வரும். விதை பொய் சொல்லாது. இரண்டாவது வாக்கியம் உண்மைதான். அதனால்தான் பொய் சொல்லுகிற வேலையை அவரே பார்த்துக்கொண்டார்.

முறை இதுதான். பெண் வீட்டார் நவதானியம் கொண்டுவர வேண்டும். பெண்ணே தன் கையால் பாலிகைக் கிண்ணத்தில் மண் போட்டு விதைத்து, தண்ணீர் தெளித்து, அதை ஒரு செப்புத் தவலைக்குள் இறக்க வேண்டும். பீடத்தார் செப்பு மூடி கொடுப்பார்கள். மூடியின் உள்பக்கத்தைப் பார்த்தால் பலன் கெட்டுவிடும். மூடியைச் சுற்றி அரக்கு உருக்கி ஊற்றி, அதில் பெண் வீட்டார் தங்களுடைய முத்திரையைக் குத்த வேண்டும். மோதிரமோ, சாவியோ, எதுவானாலும் சரி. அங்குரானந்தர் தவலையை விரலால்கூடத் தொட மாட்டார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு நிற்பார். ஏழாம் நாள் பெண் வீட்டாரே அரக்கை உடைத்துத் திறக்க வேண்டும். பயிர் குட்டையாகப் பச்சைப் பசேல் என்று நின்றால் பெண் மகாலட்சுமி. வெளிறி, மஞ்சளாக, குச்சி குச்சியாக நீண்டு கிடந்தால் தோஷம்.

“நம்ம சீல் நம்ம கையாலதான் வெச்சோம். யாரு உள்ள போக முடியும்?” என்று வெளியே வருகிறவர்கள் எல்லாம் சொன்னார்கள். இந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டு அதற்குப் பதில் தேடாமல் கும்பிடு போட்டுவிட்டுப் போவதற்கு நம் ஊரில் பக்தி என்று பெயர்.

சாதி மதம் பாராத கூட்டம். பாலக்கரை டோரதி டீச்சர், ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்கு முன்பே மகள் பெலிண்டாவை இழுத்துக்கொண்டு வந்திருந்தார். பங்குத்தந்தைக்குத் தெரிந்தால் என்று கேட்டதற்கு, “இது செடிதானே, சாமி இல்லியே” என்றார். அவருக்கும் ஒரு டோக்கன்.

வாசலில் கலைமதி என்ற பெண் மேசை போட்டு உட்கார்ந்து படிவம் நிரப்புவாள். பெண்ணின் பெயர், நட்சத்திரம், தகப்பன் தொழில், வீடு சொந்தமா வாடகையா, மாடி உண்டா, நிச்சயம் ஆகிவிட்டதா. முளைக்கப் போகிற பச்சைப் பயறுக்கு மாடி வீடு எதற்கு என்று ஒருவரும் யோசிக்கவில்லை. ஆதார் நகல் கேட்டிருந்தாலும் கொடுத்திருப்பார்கள்.

உறையூர் ராசப்பனின் படிவத்தில் எல்லாம் பொருத்தமாக அமைந்திருந்தது. பத்திர எழுத்தர், சொந்த வீடு, ஒரு மாடி, ஒரே மகள் யமுனா. நிச்சயம் முடிந்துவிட்டது. தை மாதம் கல்யாணம். மாப்பிள்ளை நவநீதன் மன்னார்புரத்துக்காரன், பொன்மலை ரயில்வே பட்டறையில் வேலை. அவனுடைய அம்மா மயிலம்மாள்தான், பத்திரிகை அடிப்பதற்கு முன் பீடத்தில் ஒரு பார்வை பார்த்துவிடலாம் என்றவர். நவநீதன் என்ன சொன்னான் என்றால், அம்மா சொன்னதைச் சொன்னான்.

யமுனா மறுக்கவில்லை. அவள் குளித்தலை சாலையில் ஒரு வாழைத் திசு வளர்ப்புக் கூடத்தில் வேலை செய்கிறாள். ஒரு துண்டு வாழைத் திசுவைக் கண்ணாடிப் புட்டியில் வைத்து ஆயிரம் கன்றுகளாக்குகிற இடம். நாள் முழுக்க முளைகளோடு கிடப்பவள். விதை போட்டால் முளைக்கும், இதில் பயப்பட என்ன இருக்கிறது என்று நினைத்தாள். நிறையப் படித்தவர்கள் விழுகிற குழி இதுதான்.

ஏழாம் நாள் ராசப்பன் அரக்கை உடைத்தார். அரக்கில் அவர் வீட்டுச் சாவியின் தடம் அப்படியே இருந்தது. மூடியைத் தூக்கினார். உள்ளே பயிர் சாணுக்கு மேல் நீண்டு, காமாலை கண்டவன் கண்போல மஞ்சளாகச் சரிந்து கிடந்தது.

மயிலம்மாள் இரண்டு அடி பின்னால் போனார். அங்குரானந்தர் கண்ணை மூடிக்கொண்டார்.

“இந்தக் குழந்தை கால் வைக்கிற க்ருஹமும் இப்படித்தான் வெளுத்துப் போகும்” என்றார்.

யமுனா கிண்ணத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுடைய கூடத்தில் ஓர் இருட்டறை உண்டு. அதில் மறந்துபோய் வைத்துவிட்ட கன்றுகள் இதே நிறத்தில்தான் இருக்கும். இரவு வேலை பார்க்கிறவனைக் கேட்டாலும் சொல்வான், வெளிச்சம் படாத எதுவும் வெளுத்துத்தான் போகும்.

“சாமி, இருட்டுல முளைச்சா எல்லாப் பயிரும் இப்படித்தாங்க இருக்கும்” என்றாள்.

கூட்டம் மூச்சை இழுத்தது. அங்குரானந்தர் கோபப்படவில்லை. கோபம் சிறு வியாபாரிகளுக்கு.

“எல்லாத் தவலையும் மூடித்தானே இருந்தது குழந்தே? பக்கத்துல பாரு.”

பக்கத்துத் தவலை பெலிண்டாவுடையது. டோரதி டீச்சர் அரக்கை உடைத்தார். அதே செம்பு, அதே ஏழு நாள், அதே கூடம். உள்ளே பயிர் விரல் உயரத்தில் பச்சையாக நிமிர்ந்து நின்றது. டீச்சர் சிலுவை போட்டுக்கொண்டார். வாடகை வீட்டில் இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் மகாலட்சுமிதான் கிடைத்தாள். இலவச விளம்பரம் செய்ய ஆள் வேண்டாமா?

யமுனா குனிந்து அந்தப் பச்சையைப் பார்த்தாள். மூடின தவலைக்குள் பச்சை எப்படி வந்தது? அதுவரை அவள் படித்த எதிலும் அதற்கு இடமில்லை. இடித்துக்கொண்டு முன்னால் வந்த கூட்டத்தில் டீச்சரின் மூடி கீழே விழப்போனது. யமுனா அதைப் பிடித்தாள். இன்னொரு கையில் அவளுடைய மூடி இருந்தது.

அவளுடையது தட்டுபோல் லேசாக இருந்தது. டீச்சருடையது அம்மிக்கல்போல் கனத்தது.

அவள் இரண்டையும் கீழே வைத்தாள். அந்த நேரத்தில் அவள் எதைச் சொன்னாலும் அது தோஷக்காரியின் வாயிலிருந்து வருவது.

பரிகாரம் உண்டு. இல்லாமல் இருக்குமா? ஒரு பவுன் பூமாதேவிக்குக் காணிக்கை வைத்து, மறுபடி விதைத்து, மறுபடி மூடி, மறுபடி ஏழு நாள். பச்சையாக வந்தால் தோஷம் கழிந்தது. இதுவரை பரிகாரம் செய்த அத்தனை பேருக்கும் பச்சை வந்திருக்கிறது என்று கலைமதி சொன்னாள். ஒரு பவுனுக்குப் பயிர் இவ்வளவு மரியாதை காட்டும் என்று யார் எதிர்பார்த்தார்கள்?

மயிலம்மாள் கறாராகச் சொல்லிவிட்டார். பச்சை வந்தால் கல்யாணம். வரவில்லையென்றால் தாம்பூலத்தைத் திருப்பிக்கொள்ளலாம். நவநீதன் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். செருப்பில் அப்படி ஒன்றும் விசேஷம் இல்லை.

அதற்குள் உறையூரில் செய்தி பரவியிருந்தது. யமுனாவை ‘வெளுத்த பொண்ணு’ என்றார்கள். எதிர்வீட்டில் வளைகாப்பு நடந்தது. அவளைக் கூப்பிடவில்லை. இந்த இடம் இல்லையென்றால் இன்னொரு இடம் என்பதெல்லாம் இனிமேல் பேச்சுக்குத்தான் என்று அவளுக்கும் தெரிந்தது, அப்பாவுக்கும் தெரிந்தது.

“பவுனைக் கட்டிடுவோம்மா” என்றார் ராசப்பன்.

“கட்டலாம்ப்பா. எனக்கும் அதான் வேணும்.”

அவர் நிமிர்ந்து பார்த்தார். மகள் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்தாள்.

“அப்பா, ரிஜிஸ்டர் ஆபீஸ்ல பத்திரமெல்லாம் பதிவறைக்குள்ள இருக்கு. இருந்தா மட்டும் வேலை நடக்குமா?”

“எப்படி நடக்கும்? நகல் எடுத்து வெளிய குடுத்தாத்தான்.”

“விதையும் அப்படித்தான். பச்சையாகுறதுக்கான பத்திரம் ஒவ்வொரு விதைக்குள்ளயும் இருக்கு. ஆனா இருட்டுல அதுக்கு நகல் எடுக்க மாட்டாங்க. எடுக்க வர்ற குமாஸ்தாவை வாசல்லயே ஒருத்தன் நின்னு துரத்திக்கிட்டே இருப்பான். அந்த நேரத்துல வேற பத்திரத்துக்குத்தான் நகல் போகும். நீளு, இன்னும் நீளு, எங்கியாவது வெளிச்சம் இருக்கான்னு தேடுன்னு. அதான் குச்சி குச்சியா வெளுத்து வளருது.”

“வெளிச்சம் பட்டா?”

“துரத்துறவன் வாசலை விட்டுப் போயிடுவான். குமாஸ்தா உள்ள போயி, பூட்டி வெச்ச பத்திரத்துக்கெல்லாம் நகல் எடுக்க ஆரம்பிச்சிடுவான். நாங்க படியெடுக்குறதுன்னு சொல்லுவோம். சில மணி நேரத்துல வேலை தெரியும். ரெண்டு நாள்ல பச்சை.”

ராசப்பன் முப்பது வருடம் அந்த அலுவலக வாசலில் உட்கார்ந்தவர். அவருக்கு ஒரு சந்தேகம்தான் வந்தது.

“லஞ்சம்?”

“கிடையாது. வெளிச்சம் மட்டும்தான்.”

“நல்ல ஆபீஸா இருக்கே” என்றார். பிறகு அவருக்கே அடுத்த கேள்வி வந்தது. மூடின தவலைக்குள் வெளிச்சம் ஏது? யமுனா மூடிகளின் எடையைச் சொன்னாள். அதைப் போய் எல்லார் முன்னாலும் சொல்ல வேண்டியதுதானே என்று அவர் குதித்தார். சொன்னால் நம்ப மாட்டார்கள், பார்த்தால்தான் நம்புவார்கள் என்றாள் அவள். பார்க்க வைப்பதற்கு அவளிடம் ஒரு கறுப்புச் சார்ட் பேப்பரும் கத்தரிக்கோலும் பசையும் இருந்தன.

இரண்டாம் விதைப்பு. காணிக்கை உண்டியலில் விழுந்த சத்தம் கேட்டதும் கலைமதி உள்ளே போய் ஒரு மூடியை எடுத்து வந்தாள். இரண்டு கைகளாலும் தாங்கிக்கொண்டு வந்தாள். அங்குரானந்தர் வழக்கம்போல் கைகளைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, கண்ணை மூடி மந்திரம் சொன்னார். பெண்ணின் கையால் விதைப்பு, பெண் வீட்டார் கையால் மூடுதல். அவர் வகுத்த சட்டம். யமுனா விதைத்தாள். கலைமதி படிவத்துக்குத் திரும்பியதும், கிண்ணத்தைத் தவலைக்குள் இறக்கி, அதன் சரிபாதியை மறைத்து, அடியில்லாத ஒரு கறுப்புக் காகிதப் பெட்டியைக் கவிழ்த்து மண்ணில் அழுத்தினாள். அதன்மேல் மூடி. அதன்மேல் அரக்கு. அரக்கில் உறையூர் வீட்டுச் சாவி.

யாரும் உள்ளே கை வைக்க முடியாத ஏற்பாடு. அங்குரானந்தரும் வைக்க முடியாது.

ஏழாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. கூட்டம் ஆலை வாசல் தாண்டிச் சாலை வரை நின்றது. வெளுத்த பெண்ணுக்குப் பச்சை வருமா என்று பார்க்க உறையூரிலிருந்தே ஒரு வேன் வந்திருந்தது. மயிலம்மாள் மகனோடு முன்வரிசையில் நின்றார். மகள் பச்சையென்று தெரிந்த மகிழ்ச்சியில் டோரதி டீச்சர் பார்வையாளராக மறுபடி வந்திருந்தார்.

ராசப்பன் அரக்கை உடைத்தார். யமுனா மூடியைத் தூக்கி, கவிழ்க்காமல் அப்படியே பக்கத்தில் வைத்தாள். பிறகு கறுப்புப் பெட்டியை உருவினாள். கிண்ணத்தை இரண்டு கைகளாலும் கூட்டத்துக்கு நேராகத் தூக்கிப் பிடித்தாள்.

ஒரு பாதி பச்சைப் பசேல். மறுபாதி மஞ்சள். நடுவில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டதுபோல்.

“சாமி, பாதிப் பொண்ணுக்கு மட்டும் தோஷம் போயிருக்கு” என்றாள். “எந்தப் பாதின்னு சொன்னீங்கன்னா மாப்பிள்ளை வீட்டுக்குச் சௌகரியமா இருக்கும்.”

பின்னால் யாரோ சிரித்தார்கள். பீடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது அதுதான் முதல் தடவை.

அங்குரானந்தர் கெட்டிக்காரர். சற்று யோசித்து, பச்சை தந்தை வழி என்றும், மஞ்சள் தாய் வழி தோஷம் என்றும், அதற்குத் தனியாக இன்னொரு பரிகாரம் உண்டு என்றும் அருளினார். மயிலம்மாள்கூடத் தலையாட்டத் தொடங்கிவிட்டார். நம் ஜனங்களுக்கு விளக்கம் கிடைத்தால் போதும், அது பொருந்த வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

ஆனால் ‘தாய் வழி’ என்றதும் தாய் முன்னால் வந்துவிட்டார். யமுனாவின் அம்மா இருசம்மாள் அதுவரை வாய் திறக்காதவர். உறையூரில் ஆடி மாதம் முளைப்பாரி போட வேண்டுமென்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். இருபது வருடக் கை. அவர் கிண்ணத்தை வாங்கி மஞ்சள் பாதியைத் தடவிப் பார்த்தார். கறுப்புப் பெட்டியை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மெல்ல மாறிற்று.

“இது நம்ம முளைப்பாரில்ல?” என்றார்.

கிண்ணத்தைக் கூட்டத்துக்குக் காட்டினார்.

“ஆடிக்கு முளைப்பாரி போடுறப்போ நாமதான இருட்டு ரூம்புல வைக்கிறோம். வெயில் பட்டா பச்சையாயிடும், பாக்க நல்லா இருக்காதுன்னு சாக்கு தொங்கவிட்டு மறைக்கிறோம். மஞ்சளா நெடுநெடுன்னு வந்தாத்தான் நல்லா வந்திருக்குன்னு குலவை போட்டுத் தலையில தூக்கிக்கிட்டுப் போறோம்.” கூட்டத்திலிருந்த பெண்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். “ஏன்க்கா, போன ஆடிக்கு நீயும்தான எங்கூடத் தூக்குன. ஆடில மங்களமா இருந்தது மார்கழில எப்படித் தோஷமாச்சு? எனக்கு ஏன் இது முந்தியே தோணல?”

அந்தக் கூடத்தில் பாதிப்பேருக்கு மேல் முளைப்பாரி தூக்கியவர்கள். எல்லாருக்கும் தெரிந்த விஷயம். தலையில் வைத்துச் சுமந்த விஷயம். சுமந்த இடத்துக்கு உள்ளே மட்டும் போகவில்லை.

“அப்ப பச்சைப் பாதி எப்படி வந்துச்சு?” என்று கேட்டது நவநீதன். முதல்முறையாக அவன் அம்மா சொல்லாத ஒன்றைச் சொல்லியிருந்தான்.

“மூடியத் திருப்பிப் பாருங்க” என்றாள் யமுனா.

அவன் குனிந்து மூடியைத் தூக்கினான். பட்டறைக்காரன் கை, கனம் தெரிந்துவிட்டது. கவிழ்த்தான். உள்பக்கம் தாமரைப் பூ வேலைப்பாடு. இதழ்களுக்கு நடுவே கண்ணாடி ஒட்டியிருந்தது. கண்ணாடிக்குப் பின்னால் குட்டிக் குட்டியாக வெள்ளை விளக்குகள், ஏழு நாள் உழைத்த களைப்பில் மங்கலாக எரிந்துகொண்டிருந்தன.

“அது ஜோதி” என்றார் அங்குரானந்தர். “அனுக்ரஹத்தினாலே தானா உண்டாகிற ஜோதி.”

நவநீதன் பையிலிருந்து சாவியை எடுத்து மூடியின் விளிம்பை நெம்பினான். அனுக்கிரகத்துக்குப் பேட்டரி இருந்தது. சிவப்பும் கறுப்புமாக இரண்டு ஒயர்களும் இருந்தன.

“அண்ணே, நெம்பாதீங்கண்ணே, உள்ள தண்ணி எறங்கிடும்” என்று ஒரு குரல் கேட்டது. எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேசியது அங்குரானந்தர். சமஸ்கிருதம் முழுக்க எங்கோ ஓடிப்போயிருந்தது.

வாசலில் சவாரிக்காகக் காத்திருந்த ஆட்டோக்காரர் தாஜுதீன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு உள்ளே வந்தார். அவருக்கு அது எங்கோ கேட்ட குரலாகப் பட்டது. அந்த முகத்தின் மேல்பாதியைக் கையால் மறைத்துப் பார்த்தார், கீழ்ப்பாதியை மறைத்துப் பார்த்தார்.

“யோவ் பிரவீன்ராஜ். தில்லை நகர்ல மீன் தொட்டிக் கடை வெச்சிருந்தவன்தான நீ? எம்புள்ளைக்குத் தொட்டி வாங்கிட்டுப் போனேன், லைட்டு மூணே நாள்ல போச்சு. கடைக்கு வந்து பார்த்தா பூட்டியிருக்கு.”

இமயமலை தில்லை நகரில் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் பலருக்குத் தெரிந்தது.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கூட்டம் தவலைகள் அடுக்கியிருந்த அலமாரிக்குப் பாய்ந்து, இருந்த மூடிகளையெல்லாம் கையில் தூக்கி எடை பார்த்தது. சொந்த வீட்டுக்காரர்களுக்கு லேசானவை. வாடகைக்காரர்களுக்கும் பரிகாரக்காரர்களுக்கும் கனமானவை. கலைமதி படிவக் கட்டோடு பின்வாசல் வழியாகப் போனாள். பிரவீன்ராஜால் போக முடியவில்லை, பட்டு தடுக்கியது. காவல் நிலையத்திலிருந்து ஆள் வரும்வரை தாஜுதீன் அவனைத் தன் ஆட்டோவிலேயே உட்கார வைத்திருந்தார். மீட்டரைப் போட்டிருந்தார். டோரதி டீச்சர் மட்டும் ஓரமாக அழுதுகொண்டிருந்தார். அவர் மகளுக்கு வந்த பச்சையும் பேட்டரிப் பச்சைதானாம்.

இனி யமுனாவின் கல்யாணம்.

மயிலம்மாள் இருசம்மாளின் கையைப் பிடித்துக்கொண்டு, சம்பந்தியம்மா, நடந்தது நடந்துபோச்சு, தேதியை மாற்ற வேண்டாம் என்றார். இரண்டு வாரத்துக்கு முன் தாம்பூலத்தைத் திருப்பச் சொன்ன அதே வாய். ராசப்பன் மகளைப் பார்த்தார். நவநீதன் அவளிடம் வந்தான். கையில் இன்னும் அந்த மூடி இருந்தது.

“எனக்கு முதல்லயே சந்தேகம்தான் யமுனா. அம்மா மனசு கஷ்டப்படும்னுதான் பேசாம இருந்தேன்.”

“தெரியும்” என்றாள் அவள். “என் மனசுக்கு மூடி போட்டு வெச்சிருந்தீங்கள்ல, அதனால அது கஷ்டப்பட்டது உங்களுக்குத் தெரியல.”

அவள் கிண்ணத்தை அவனிடம் கொடுத்தாள்.

“இதுல பச்சைப் பாதி பேட்டரி போட்டு வந்தது. எனக்கு அது வேணாம். மஞ்சள் பாதிய மட்டும் பார்த்துக்கிட்டே இருங்க. உங்க வீட்டு ஜன்னல்ல வையுங்க. யாரும் மந்திரம் சொல்ல வேணாம். தானா பச்சையாகும். அதைப் பார்த்துட்டு, உங்க அம்மாகிட்ட நீங்களா ஏதாச்சும் ஒண்ணு பேசினீங்கன்னா, எனக்கு போன் பண்ணுங்க. பேசலைன்னா கிண்ணத்தைத் திருப்பிக் குடுத்துடுங்க. அது எங்க வீட்டுக் கிண்ணம்.”

இரண்டாம் நாள் மஞ்சள் பாதி பச்சையாகிவிட்டது. மன்னார்புரத்து ஜன்னலில் எல்லாரும் பார்த்தார்கள். மயிலம்மாளும் பார்த்தார். பார்த்துவிட்டு, கல்யாண மண்டபத்துக்கு வாஸ்து பார்க்க முக்கொம்பிலிருந்து ஒருவர் வரப்போவதாகச் சொன்னார். நவநீதன் வாயைத் திறந்தான்.

பதினைந்து நாள் ஆகிறது. இன்னும் திறந்தபடிதான் இருக்கிறது, சத்தம் வரவில்லை. யமுனாவுக்கு போனும் வரவில்லை, கிண்ணமும் வரவில்லை. அவள் காத்திருப்பதாகவும் தெரியவில்லை. வாழைக் கன்றுகளுக்கு விளக்குப் போட நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள்.

ஒரு பச்சைப் பயறுக்கு மூளை கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது, வாக்குரிமை கிடையாது. வெளிச்சம் பட்டதும் உள்ளே பூட்டிக் கிடக்கிற பத்திரத்தை அது எடுத்துப் படிக்கத் தொடங்கிவிடுகிறது. மூளை முதல் வாக்குரிமை வரை எல்லாம் இருக்கிற நாம்தான் வெளிச்சத்துக்கு டோக்கன் போட்டுக்கொண்டு நிற்கிறோம்.